கொரியாவைக் காட்டும் உபதேசிகளுக்கு

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அந்த ஊர் ஒரு திசை, எங்கள் விம்கோ நகர் நேர் எதிர்த் திசை. நடுவில் சென்னை முழுக்கக் கிடக்கிறது. ஆனாலும் அந்த ஒரு மாதமும் இங்கே டீக்கடையில், ஸ்டேஷன் பெஞ்சில், அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் ஒரே உபதேசம். "கொரியாவப் பாருங்க சார். நம்மள மாதிரிதான் கிடந்தான். கொடி புடிக்காம உழைச்சான், எங்கயோ போயிட்டான். அவங்க பொம்பளைங்களே எப்படி இருக்காங்க பாருங்க!"

அந்தப் பெண்களை இவர்கள் பார்த்தது செல்போனில். கோட்டு போட்டுக்கொண்டு, கையில் காபி கோப்பையோடு, கண்ணாடிக் கட்டடத்துக்குள் விறுவிறுவென்று நடந்துபோகிற தொடர் நாயகிகள். போகட்டும். அதே வாய் அடுத்த வாரம் கொரியாவில் பிள்ளைப்பேறு அதலபாதாளத்துக்குப் போய்விட்ட செய்தியைப் படித்துவிட்டு வேறு பாட்டுப் பாடும்: "படிக்க வெச்சான், சம்பாதிக்க விட்டான், இப்ப கல்யாணமே வேணாங்கிறாளுங்க." தொழிற்சாலை பெண்ணை உயர்த்தியது என்பது முதல் பாட்டு. உயர்த்தியது அதிகமாகிவிட்டது என்பது இரண்டாவது பாட்டு. இரண்டுமே பொய். இரண்டுக்கும் அடியில் இருக்கிற நம்பிக்கை ஒன்றுதான்: பெண்ணுக்கு நேர்கிற நல்லது கெட்டது எல்லாமே யாரோ கொடுத்தது, அவள் எதையும் தானாகச் செய்ததில்லை.

கொடி பிடிக்காமல் உழைத்தார்கள் என்ற கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். இஞ்சியோன் என்ற ஊர் சியோலுக்குப் பக்கத்தில் உள்ள துறைமுக நகரம். கப்பல், புகைபோக்கி, உப்புக்காற்று, நெசவாலை என்று எங்கள் எண்ணூர்-திருவொற்றியூர் பட்டைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. அங்கே தோங்கில் நெசவாலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகள். சங்கத்தின் தலைவர்கள் மட்டும் எப்போதும் ஆண்கள். 1972-இல் அந்தப் பெண்கள் தங்களில் ஒருத்தியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கொரியாவில் ஒரு தொழிற்சங்கக் கிளைக்குப் பெண் தலைவரானது அதுதான் முதல்முறை. நிர்வாகமும் உளவுத்துறையும் சும்மா விடவில்லை. 1976-இல் கைது செய்யப் போலீஸ் வந்தபோது, உடையைக் களைந்துவிட்டால் தொடமாட்டார்கள் என்று நம்பி அந்தப் பிள்ளைகள் சீருடையைக் கழற்றிவிட்டு நின்றார்கள். போலீஸ் தொட்டது, அடித்தது, இழுத்துப்போனது. 1978 பிப்ரவரி 21, சங்கத் தேர்தல் நாள். இரவு ஷிப்ட் முடித்து விடியலில் ஓட்டுப்போட வந்த பெண்கள்மேல் வாளிவாளியாக மலத்தைக் கொட்டினார்கள். கொட்டியவர்கள் வெளி ரவுடிகள் அல்ல. அதே ஆலையின் ஆண் தொழிலாளர்கள். பின்னால் 124 பெண்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேறெந்த ஆலையும் சேர்த்துக்கொள்ளாதபடி அவர்களுடைய பெயர்ப்பட்டியல் ஊரூராகப் போனது.

இதைச் சொல்லும்போது சங்கம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தோங்கில் பெண்களைத் தேசிய நெசவுத் தொழிலாளர் சம்மேளனமே கைவிட்டது. கொடியும் ஆண்கள் கையில் இருந்தால் பெண்ணுக்கு அது இன்னொரு மேஸ்திரியின் குச்சிதான். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடிய நகரம் இது என்று எங்கள் பக்கத்தில் பெருமை பேசாதவர் இல்லை. வடசென்னை சங்க மேடைகளில் எத்தனை பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் அந்தப் பெருமைக்குக் கொஞ்சம் இருமல் வரும்.

அடுத்தது சியோலின் ஒய்.எச். விக் கம்பெனி. அறுபதுகளில் அமெரிக்கப் பெண்களுக்கு டோப்பா செய்து அனுப்பியதுதான் கொரிய ஏற்றுமதியின் ஆரம்பகாலப் பொற்சுரங்கங்களில் ஒன்று. உச்சத்தில் சுமார் 4,000 பேர் வேலை பார்த்த இடம். முதலாளி அமெரிக்காவுக்குப் போனார், பணமும் பின்னால் போனது. 1979-இல் ஆலைக்குப் பூட்டு. வேலையிழந்த பெண்கள் சுமார் 180 பேர் அந்த ஆகஸ்ட் 9 அன்று எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். 11-ஆம் தேதி அதிகாலையில் பெரும் போலீஸ் படை உள்ளே புகுந்தது. கிம் கியோங்-சுக் என்ற இருபத்தொரு வயதுத் தொழிலாளி செத்துப்போனார். இதிலிருந்து மோதல் முற்றி, எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங்-சாமை நாடாளுமன்றத்தைவிட்டே நீக்கினார்கள்; அதனால் அக்டோபரில் பூசானும் மாசானும் கொந்தளித்தன; அந்தக் கொந்தளிப்பை எப்படி அடக்குவது என்ற சச்சரவில் அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங்-ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். எந்த மனிதரின் ஆட்சியைப் 'பொருளாதார அதிசயம்' என்று நம்மவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களோ, அதன் வீழ்ச்சியில் முதல் கண்ணி டோப்பா தைத்த பெண்கள். கொடி பிடிக்காதவர்களாம்!

தையல் என்றதும் ஜியோன் தே-இல் நினைவுக்கு வராமல் போகாது. சியோல் அமைதிச் சந்தையின் துணி வெட்டுபவர். தன் பேருந்துக் காசில் பசித்த உதவியாள் சிறுமிகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போவார். நிமிர்ந்து நிற்க முடியாத பரண் போன்ற அறைகளில் நாளுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தைத்தார்கள் அந்தப் பிள்ளைகள். தொழிலாளர் சட்டம் புத்தகத்தில் இருந்தது, அறைக்குள் இல்லை. 1970 நவம்பர் 13 அன்று அவர் தீக்குளித்தார். அதற்குப் பிறகு சங்கம் கட்டிக் காத்தவர்களில் அவருடைய தாய் லீ சோ-சனும் தையல்காரப் பெண்களும் இருந்தார்கள்.

சரி, ஆலை இல்லாவிட்டால் இந்தப் பெண்கள் ஓரிடத்தில் கூடியிருக்கவே மாட்டார்களே, அந்தப் புண்ணியம் ஆலைக்குத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கையில் சம்பளம் வருவது லேசான விஷயமில்லை, அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சம்பளம் எங்கே போனது? பெரும்பாலும் ஊரில் தம்பியின் பள்ளிக் கட்டணத்துக்கு. அக்கா நூல் சுற்ற, தம்பி பட்டதாரி ஆனான். பிறகு அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கம்பெனி வாசலைக் காட்டியது. வங்கிகளில்கூடக் கல்யாணமானால் விலகிவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். 1985-இல் நடந்த ஒரு வழக்கைப் படித்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சாலை விபத்தில் அடிபட்ட கல்யாணமாகாத ஒரு பெண் நஷ்டஈடு கேட்டார். சியோல் நீதிமன்றம் கணக்குப் போட்டது: சராசரியாகப் பெண்கள் இந்த வயதில் கல்யாணம் செய்கிறார்கள், ஆகவே இவரும் 25 வயதோடு வேலையை விட்டிருப்பார், அதற்குமேல் இவருடைய உழைப்புக்கு வீட்டு வேலைக்கான கூலிதான். பெண்கள் அமைப்புகள் திரண்டு கத்திய பிறகுதான் மேல்முறையீட்டில் அது மாறியது. 1985 என்றால் ஹூண்டாய் கார் ஏற்கெனவே கப்பலேறிவிட்ட காலம்.

இது ஏதோ பழங்கதை என்று நினைத்தால், 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை நினைவுபடுத்துகிறேன். சென்னைக்கு அருகிலுள்ள ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்றது அது. ஒன்றிய அரசு தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது, கம்பெனி மறுத்தது. அதே ஆலைப் பெண்கள்தான் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் மருத்துவமனையில் கிடந்தபோது, பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கேமரா பாகம் கோக்கிற விரல்கள் இருபத்தைந்து வயதுக்குள் வேண்டும், அதற்குமேல் வேண்டாம். இந்தப் பாடத்தைத்தான் உலக முதலாளிகள் கொரியாவில் படித்தார்கள்; நாம் அதைக் கொரிய முன்னேற்றம் என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் உபதேசிகளின் வாதம் முற்றிலும் உடைகிறது. கொரியாவில் 'ஹோஜு' என்ற குடும்பத் தலைவர் முறை இருந்தது. குடும்பப் பதிவேட்டில் தலைவர் ஆண்தான். கணவன் செத்தால் கைக்குழந்தையாக இருந்தாலும் மகன் தலைவன், தாய் அவனுக்குக் கீழே. விவாகரத்தானவள் பெற்ற பிள்ளை தகப்பன் பதிவேட்டில். அவளோடு ஒரே கூரையில் வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் 'உடன் வசிப்பவர்'. நாட்டின் முதல் பெண் வழக்கறிஞர் லீ தே-யங், 1952-இல் தேர்வில் வென்ற நாளிலிருந்து இதற்கு எதிராகப் போராடினார். கன்பூசியப் பெரியவர்கள் குல்லாவும் வெள்ளை அங்கியுமாக வந்து எதிர்த்தார்கள். சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்ற திருத்தம் 1989-இல்தான் நிறைவேறியது. ஒலிம்பிக்ஸ் நடத்தி முடித்த அடுத்த வருஷம்! ஹோஜு முறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்னது 2005-இல். அது ஒழிந்தது 2008 ஜனவரி 1 அன்று.

இப்போது நம் பக்கம். தமிழ்நாட்டில் மகளுக்குப் பிதுரார்ஜித சொத்தில் சம உரிமை தந்த திருத்தமும் அதே 1989. அப்போது கொரியனின் சராசரி வருமானம் இந்தியனுடையதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அவர்களிடம் உருக்காலையும் கப்பல் தளமும் இருந்தன. நம்மிடம் இருந்தது 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானமும், அதை அறுபது வருஷம் விடாமல் பேசிக்கொண்டிருந்த வாய்களும். பணம்தான் பெண்ணுரிமைக்கு முதல் படி என்றால் இந்தக் கணக்கு எப்படி நேராகும்? நம் சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. 1989-க்கு முன்னால் கல்யாணமானவர்களைச் சேர்க்கவில்லை. இருக்கிற உரிமையும் காகிதத்திலேயே கரைவதைப் பார்க்க வேண்டுமானால் எந்த முகூர்த்த நாளிலாவது ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் பட்டுப்புடவையில் வந்த தங்கச்சிகள் மரத்தடியில் நிற்பார்கள். கட்டைவிரலில் மை, கையில் அண்ணி வாங்கித் தந்த ஜூஸ் டம்ளர். "எங்கண்ணன்தான எடுத்துக்கிது" என்பார்கள். எந்த ஆலையும் வந்து இதை மாற்றாது.

ஓர் இடைச்செருகல். கொரியாவின் முதல் ராணி தமிழச்சி, செம்பவளம் என்ற இளவரசி கப்பலேறிப் போய் மன்னன் கிம் சுரோவை மணந்தாள் என்று பொங்கலுக்குப் பொங்கல் ஒரு செய்தி சுற்றும். சம்குக் யூசா என்ற பழைய நூல் சொல்லும் அயுத்த நாடு எது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த மரபுக் கதையில் ஒரு பகுதியை நம்மவர்கள் பகிர்வதே இல்லை. ஹியோ ஹ்வாங்-ஓக் ராணி தன் பிள்ளைகளில் இருவருக்குத் தன்னுடைய குடும்பப் பெயரை வைக்கக் கேட்டுப் பெற்றாளாம். கதையின் ராணிக்குக் கிடைத்த இந்தச் சின்ன உரிமை இருபதாம் நூற்றாண்டின் சாதாரணக் கொரியத் தாய்க்குக் கிடையாது. 2008-க்குப் பிறகுதான் கிடைத்தது. அதுவும் கல்யாணத்தைப் பதியும்போதே இருவரும் ஒத்துக்கொண்டு எழுதித் தந்தால்.

ஆலை வந்தால் பெண் உயர்வாள் என்பவர்களுக்குக் கொரியாவரை போகவேண்டிய அவசியம்கூட இல்லை. அப்படி இருந்தால் இந்தியாவிலேயே உயர்ந்த பெண்கள் திருவொற்றியூரில் அல்லவா இருக்கவேண்டும்! எங்கள் பேட்டைக்கே பேர் வந்தது தீப்பெட்டிக் கம்பெனியால். எண்ணூரில் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி 1948-இல் வந்தது, என்ஃபீல்டு புல்லட் 1955 முதல் இங்கே உருண்டது, பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். இந்தச் சாலையில்தான் டயருக்கு வந்தது. எழுபது எண்பது வருஷத் தொழில் பட்டை இது. நிரந்தர வேலை, போனஸ், பி.எஃப்., கம்பெனி கேண்டீன் எல்லாம் பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண் அந்த ஆலைகளை அறிந்தது சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோன வாசலாக. பிறகு கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கும் இடமாக. அவளுக்கென்று வந்த வேலை எக்ஸ்போர்ட் கம்பெனித் தையல்.

அந்தத் தையல் எப்படி என்றால்: ஒருத்திக்குக் காலர், ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பட்டன் ஹோல். முழுச் சட்டை யாருக்கும் தெரியாது. மணிக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். தண்ணீர் குடித்தால் எழுந்திருக்கவேண்டும், எழுந்தால் பீஸ் குறையும் என்று காலையிலிருந்து தொண்டையை நனைக்காமலே இருக்கப் பழகியவர்களை எனக்குத் தெரியும். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். இந்தத் தொண்டைகளும் அந்த விழுக்காட்டுக்குள்தான் வருகின்றன. ஆயத்த ஆடைத் தொழிலின் குறைந்தபட்சக் கூலியை அரசு 2014-இல் உயர்த்தியபோது முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016-இல் உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றது. கூலி தானாக உயரவில்லை. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தையல் ஆலைப் பெண் கொலையான பிறகு, பெண்கள் தலைமையிலான சங்கம் ஒன்று போராடி 2022-இல் உலக பிராண்டுகளிடமிருந்தே ஒப்பந்தம் வாங்கியதே, அதுவும் தானாக வரவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு நாமெல்லாம் தீபாவளிக்குப் போகிறோம். நூறு புடவையை உதறிக் காட்டுகிற பிள்ளைகள் பத்து மணி நேரம் நின்றபடியே இருப்பார்கள். கடைக்காரர் உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது 2021-இல். அதற்கு முன்னோடி கேரளம். அங்கே 2018-இல் அது வந்ததற்குக் காரணம் கோழிக்கோட்டில் விஜி என்கிற தையல்காரப் பெண் தொடங்கிய 'பெண்கூட்டு'. உட்காருவதற்கே ஒரு இயக்கம் நடத்தவேண்டிய நாட்டில், ஏற்றுமதி பெருகினால் பெண் எழுந்துவிடுவாள் என்கிறார்கள். இப்போதும் சில கடைகளில் ஸ்டூல் மேஜைக்கு அடியில் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வரும்போது வெளியே வரும்.

கடைசியாக அந்த இரண்டாவது பாட்டு. கொரியாவில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 2023-இல் 0.72. உலகிலேயே மிகக் குறைந்த கணக்குகளில் ஒன்று. உடனே பெண்ணின் திமிர் என்று தீர்ப்பு. வளர்ந்த நாடுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பள வித்தியாசம் மிக அதிகமாக இருப்பதும் அதே கொரியாவில்தான், சுமார் 30 விழுக்காடு. கல்லூரியில் பையன்களை முந்திய பெண், பிள்ளை பெற்றதும் வேலையை விடுகிறாள். திரும்பி வந்தால் பழைய படிப்புக்குக் கேஷியர் வேலை. சோ நாம்-ஜூ 2016-இல் எழுதிய 'கிம் ஜி-யங், 1982-இல் பிறந்தவள்' என்ற நாவல் லட்சக்கணக்கில் விற்றதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டாம். அது ஒரு சாதாரணப் பெண்ணின் சாதாரண நாட்கள், அவ்வளவுதான். அதைப் படித்தேன் என்று சொன்ன பெண் பிரபலங்களையே இணையத்தில் வசைபாடினார்கள் என்றால் எங்கே சுட்டது என்று தெரிகிறது.

அறுபதுகளிலிருந்து கொரிய அரசு குறைத்துப் பெறு, பிறகு இரண்டு போதும், அப்புறம் ஒன்றே போதும் என்று அவளுக்கு உத்தரவு போட்டது. மகன்தான் வேண்டும் என்று குடும்பம் உத்தரவு போட்டது; 1990-இல் 100 பெண் குழந்தைக்கு 116-க்கு மேல் ஆண் குழந்தை பிறந்தது. இப்போது பெற்றுத் தா என்று மறுபடி உத்தரவு. கேட்டுக்கேட்டுச் சலித்தவள் இந்த முறை கேட்கவில்லை. நம் கதையில் என்ன வித்தியாசம்? 'நாம் இருவர் நமக்கு இருவர்' காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், எண்பதுகளிலிருந்து பார்த்தால், பெரும்பாலும் பெண்கள். இன்று தமிழ்நாட்டின் பிள்ளைப்பேறு விகிதம் இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, தொகுதி மறுவரையறையில் இடம் குறையுமே என்ற கவலை வந்துவிட்டது. 2024 அக்டோபரில் முதலமைச்சரே ஒரு கல்யாண மேடையில் பதினாறும் பெறலாமே என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், சரி. பெறுகிறவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கட்டாயமில்லை.

2023 மார்ச்சில் கொரிய அரசு வாரத்துக்கு 69 மணி நேரம்வரை வேலை வாங்க அனுமதிக்கும் யோசனையைக் கொண்டுவந்து, இளைஞர்களும் பெண்கள் அமைப்புகளும் போட்ட கூச்சலில் பின்வாங்கியது. அடுத்த மாதம், ஏப்ரல் 21 அன்று, நம் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைத் திருத்தத்தை நிறைவேற்றியது. முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள் என்றார்கள். எதிர்ப்பு வலுத்து, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பத்து நாளும் எங்கள் தெருவில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிற பெண்கள் கேட்டது ஒன்றுதான்: அவ்வளவு நேரம் கொழந்தைய யாரு பாத்துக்குவாங்க? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு சொன்னது. பிள்ளைப்பேறு குறைகிறதே என்று ராத்திரி தூங்காமல் கவலைப்படுகிறவர்கள் டோல்கேட்டில் மெட்ரோவை விட்டு இறங்கி எண்ணூர்வரை ஒரு நாள் நடக்கட்டும். எத்தனை கம்பெனியில் தொட்டில் கட்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து, அதற்கப்புறம் கொரியாவைப் பற்றிப் பேசட்டும்.